அடுத்த பாகம் எப்போது? காத்திருப்பவரும் வாக்களித்தவரும்

'தொடரும்' என்ற சொல் தமிழ் வாசகருக்குப் புதியதன்று. வார இதழில் தொடர்கதை வாசித்த அனைவரும் அச்சொல்லின் முன் ஒரு கிழமை காத்திருந்தவர்களே. இன்று அச்சொல் கணினித் திரைக்கும் கையடக்கத் தொலைபேசித் திரைக்கும் இடம் மாறியிருக்கின்றது. தாம் விரும்பி விளையாடிய ஒரு கதை விளையாட்டின் அடுத்த பாகத்துக்காக உலகெங்கும் பெருந்தொகையானோர் காத்திருக்கின்றனர். அவர்கள் காத்திருப்பது ஒரு கிழமையோ ஒரு மாதமோ அன்று. பத்து ஆண்டுகள், சில வேளைகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் அக்காத்திருப்பு நீளுகின்றது. பாடசாலை மாணவராக முதற் பாகத்தை விளையாடியவர், தம் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் வயதில் அடுத்த பாகத்தைக் காணுகின்றார்.

இது கொழும்பு, சென்னை, டொரொன்டோ போன்ற மாநகரங்களுக்கு மட்டும் உரிய சங்கதி என்று எண்ணிவிடலாகாது. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் வீதியில், வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பகுதிகளைக் கடந்து வடக்கே சென்றால் மாங்கேணி வருகின்றது. கடலையும் களப்பையும் நம்பி வாழும் மக்களைக் கொண்ட அக்கிராமத்துக்கும் கையடக்கத் தொலைபேசி சென்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. தொலைபேசி சென்ற இடத்துக்கு விளையாட்டும் சென்றிருக்கின்றது. விளையாட்டு சென்ற இடத்துக்குக் காத்திருப்பும் சென்றிருக்கின்றது. ஆனால் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இது விளங்குவதில்லை. "ஒரு விளையாட்டுக்கா இத்தனை ஏக்கம்?" என்று அவர்கள் கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடை காண்பதும், அவ்விடையிலிருந்து நம் சமூகம் பெறக்கூடிய பாடத்தைச் சுட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், இவ்வகை விளையாட்டு எத்தகையது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். காரோட்டும் விளையாட்டிலும் கிரிக்கெட் விளையாட்டிலும் வெற்றி தோல்வி மட்டுமே உண்டு. 'பாத்திரம் தாங்கும் விளையாட்டு' எனத் தமிழில் நாம் சொல்லத்தக்க இவ்வகையிலோ, விளையாடுபவர் ஒரு கதையினுள் ஒரு மனிதராகப் புகுகின்றார். யாரோடு நட்புக் கொள்வது, யாரைக் கைவிடுவது, உண்மை சொல்வதா பொய் சொல்வதா என்பவற்றையெல்லாம் அவரே தீர்மானிக்கின்றார். அத்தீர்மானங்களுக்கு ஏற்பக் கதை வளைகின்றது. ஒரு கதையை முடிப்பதற்கு ஐம்பது, நூறு மணித்தியாலங்கள் தேவைப்படுவதும் உண்டு. 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் வெளியிட்ட 'டஞ்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு இவ்வகைக்கு மூலமாக அமைந்தது. தாளும் பென்சிலும் தாயக்கட்டையும் கொண்டு நண்பர்கள் கூடியிருந்து கதை சொல்லி ஆடிய அவ்விளையாட்டே பின்னர் கணினிக்குள் புகுந்தது.

மட்டக்களப்பாருக்கு இதனை விளக்குவது கடினமன்று. கூத்துக் களரியில் அருச்சுனனாகவோ வீமனாகவோ ஆடுவதற்குப் பல மாதங்கள் பழகியவர், அப்பாத்திரத்தை விடிந்ததும் கழற்றி வைத்துவிடுவதில்லை. ஒருவர் ஒரு பாத்திரத்துக்குத் தம் காலத்தையும் மனத்தையும் கொடுத்துவிட்டால், அப்பாத்திரத்தின் கதி அவருடைய சொந்தக் கவலையாகிவிடுகின்றது. கணினியில் நூறு மணித்தியாலம் ஒரு பாத்திரத்தைச் சுமந்த இளைஞனும் அந்நிலையிலேயே உள்ளான். எனவே அடுத்த பாகம் எப்போது என்று அவன் கேட்பதைக் கடைச்சரக்கு எப்போது வரும் என்ற கேள்வியாகக் கொள்ளலாகாது. தான் விட்டுவந்த மனிதர்களின் நலனையே அவன் விசாரிக்கின்றான்.

இனி, காத்திருப்பின் அளவை உணர்த்தும் சில உண்மைகளைப் பார்ப்போம். அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 'எல்டர் ஸ்குரோல்ஸ்' வரிசையின் ஐந்தாம் பாகமான 'ஸ்கைரிம்' விளையாட்டை 2011 நவம்பர் 11 ஆம் திகதி வெளியிட்டது. ஏழாண்டுகளின் பின்னர், 2018 ஜூன் மாதத்தில், ஆறாம் பாகம் வரப்போகின்றது என்று அறிவித்தது. அவ்வறிவிப்பில் காட்டப்பட்டது ஒரு நிமிடத்துக்கும் குறைந்த காட்சித் துண்டு ஒன்றே. மலைகளும் கடற்கரையும் தோன்றின, பெயர் தோன்றியது, வேறொன்றும் இல்லை. அந்நிறுவனம் அக்காலத்தில் 'ஸ்டார்ஃபீல்ட்' என்னும் மற்றொரு விளையாட்டிலேயே முழு மூச்சாக ஈடுபட்டிருந்தது. அது 2023 செப்டெம்பரில்தான் வெளிவந்தது. ஆறாம் பாகத்தின் உருவாக்கம் ஆரம்ப கட்டத்தை அடைந்துள்ளது என்று சொல்லப்பட்டதும் அதே 2023 இலேயே. அறிவிப்புக்கும் வேலையின் தொடக்கத்துக்கும் இடையில் ஐந்து ஆண்டுகள் கழிந்தன என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

'பால்டர்ஸ் கேட்' என்னும் விளையாட்டின் வரலாறு வேறுவகையானது. கனடாவின் பயோவேர் நிறுவனம் அதன் முதற் பாகத்தை 1998 இலும் இரண்டாம் பாகத்தை 2000 இலும் உருவாக்கியது. மூன்றாம் பாகம் என்ற பெயரில் வேறொரு குழுவினர் தொடங்கிய முயற்சி 2003 இல் கைவிடப்பட்டது. வெளியீட்டு நிறுவனமான இன்டர்பிளே நிதி நெருக்கடியில் சிக்கி உரிமையையும் இழந்ததே அதற்குக் காரணமாகும். ஈற்றில், பெல்ஜிய நாட்டின் லேரியன் நிறுவனம் அவ்வுரிமையைப் பெற்று, 2019 இல் அறிவித்து, 2023 ஓகஸ்ட் 3 ஆம் திகதி மூன்றாம் பாகத்தை வெளியிட்டது. இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் இடையில் 23 ஆண்டுகள்.

ஜப்பானின் 'மதர்' வரிசையையும் குறிப்பிடல் வேண்டும். எழுத்தாளர் ஷிகெசாத்தோ இத்தோய் கற்பனை செய்த இவ்விளையாட்டின் இரண்டாம் பாகம் 1994 இல் வெளிவந்தது. மூன்றாம் பாகம் பல்லாண்டு உழைப்பின் பின் 2000 ஆம் ஆண்டில் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் வேறொரு சாதனத்துக்காக மீண்டும் எடுக்கப்பட்டு 2006 ஏப்ரலில் ஜப்பானிய மொழியில் மட்டும் வெளியாயிற்று. ஆங்கிலம் மட்டும் அறிந்த ரசிகர்கள் நிறுவனத்தை நம்பிப் பயனில்லை என்று கண்டு, தாமே ஒரு குழுவாகக் கூடி முழுக் கதையையும் மொழிபெயர்த்து 2008 ஒக்டோபரில் இலவசமாக வெளியிட்டனர். 2024 இல் அவ்விளையாட்டு ஜப்பானில் புதிய சாதனத்துக்கு மீண்டும் வழங்கப்பட்டபோதும் அதிகாரபூர்வமான ஆங்கில வடிவம் வரவில்லை.

இத்தாமதங்கள் எதனால் நேர்கின்றன? சோம்பல் என்று ஒரு சொல்லில் முடித்துவிட இயலாது. முதலாவது காரணம் வேலையின் பருமன். நாவலாசிரியர் ஒருவர் ஒரு முடிவை எழுதினால் போதும். இவ்விளையாட்டை உருவாக்குவோர், விளையாடுபவர் எடுக்கக்கூடிய ஒவ்வொரு தீர்மானத்துக்கும் வெவ்வேறு உரையாடலும் காட்சியும் முடிவும் ஆக்க வேண்டியிருக்கின்றது. இரண்டாவது, சாதனங்களின் மாற்றம். ஒரு சாதனத்துக்கென ஐந்தாண்டு உழைத்து முடிப்பதற்குள் அச்சாதனம் சந்தையிலிருந்து மறைந்துவிடுகின்றது. மூன்றாவது, உரிமை. கதை ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது, முதல் வேறொருவருடையது என்ற நிலையில் ஒருவர் வீழ்ந்தாலும் வேலை நின்றுவிடுகின்றது. நான்காவது, முதற் பாகத்தின் புகழே. அது மக்கள் மனத்தில் ஆண்டுதோறும் வளர்வதால், அதற்கு ஈடான ஒன்றை ஆக்குவது ஆண்டுதோறும் கடினமாகின்றது.

இவ்வேக்கம் மேல்நாட்டிலிருந்து வந்த புதிய நோய் என்று கருதுவோர் நம் இலக்கிய வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் நன்று. கோவலன், கண்ணகி கதையைச் சொன்ன சிலப்பதிகாரத்தோடு தமிழ் மனம் நிறைவடைந்துவிடவில்லை. மாதவியின் மகள் என்ன ஆனாள் என்று கேட்டது. மணிமேகலை அக்கேள்விக்கு விடையாயிற்று. இரண்டையும் இரட்டைக் காப்பியங்கள் என்று நாம் வழங்குவது, தொடர்ச்சியைக் கேட்ட மனத்துக்கு நாம் அளித்த மரியாதையாகும்.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திலும் இத்தகைய சான்று உண்டு. புனிதமான வரலாற்றை விளையாட்டோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. தொடர்ச்சிக்காக ஏங்கும் மனித இயல்பைச் சுட்டுவதே நோக்கமாகும். 17 ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. அதனை ஆதரித்த வள்ளல் சீதக்காதி நூல் நிறைவெய்துமுன் மறைந்தார். பின்னர் அபுல் காசிம் மரைக்காயர் ஆதரவு நல்கினார். எனினும் அக்காப்பியம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வின் இறுதிப் பகுதியை எட்டுமுன்னரே நின்றுவிடுகின்றது. எஞ்சிய வரலாற்றை 18 ஆம் நூற்றாண்டில் பனீ அகுமது மரைக்காயர் 'சின்னச் சீறா' என்ற பெயரில் பாடி நிறைவு செய்தார். ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் பணிவோடு தொடங்கினார் என்பதை அப்பெயரில் உள்ள 'சின்ன' என்ற அடையே உணர்த்துகின்றது.

அண்மைக் காலத்துக்கு வந்தால், கல்கியின் பொன்னியின் செல்வன் நம் கண்முன் நிற்கின்றது. 1950 ஒக்டோபர் முதல் 1954 மே வரை மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக வாரந்தோறும் வெளிவந்த அத்தொடர் முடிந்தபோது, கதை திடீரென்று நின்றுவிட்டதாக வாசகர் பலர் குறைப்பட்டனர். கல்கி அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. முடிவுரை ஒன்றை எழுதி, இன்னின்ன பாத்திரங்கள் பிற்காலத்தில் இன்னவாறாயினர் என்று விளக்கமளித்தார். அதே ஆண்டு டிசெம்பர் 5 ஆம் திகதி அவர் மறைந்தார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா' பாதியில் நின்றது. அவருடைய மகள் ஆனந்தி அதனை நிறைவு செய்தார். பொன்னியின் செல்வனின் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி'யை எழுத்தாளர் விக்கிரமன் எழுதினார். அக்கதையைத் திரையிற் காணும் ஆசை இன்னும் நீண்டது. 1958 இல் எம்.ஜி.ஆர். எடுத்த முயற்சி நிறைவேறவில்லை. 2022 செப்டெம்பர் 30 ஆம் திகதி மணிரத்னத்தின் முதற் பாகமும் 2023 ஏப்ரல் 28 ஆம் திகதி இரண்டாம் பாகமும் வந்தன. இடைப்பட்ட காலம் 64 ஆண்டுகள்.

இலங்கை வாசகருக்கு இவ்வனுபவத்தில் தனிப் பங்கும் உண்டு. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, தொடர்கதைகளைப் பின்பற்றியோருக்கு அது பெரும் இடைவெளியாயிற்று. அதே இடைவெளிதான் இந்நாட்டு எழுத்தாளருக்கும் சஞ்சிகைகளுக்கும் இடமளித்தது என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் கூறுவர். காத்திருப்பு ஏக்கத்தோடு நின்றுவிடாமல் படைப்பாகவும் மாறக்கூடும் என்பதற்கு இது நம் வீட்டுச் சான்றாகும்.

ஆகவே காத்திருப்பது இழிவன்று. ஆனால் எல்லாக் காத்திருப்பும் ஒரே தன்மையதும் அன்று. இதனை வாவிக்கரை மக்கள் நன்கறிவர். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே அவ்வழியாகச் சென்றுவந்த தமிழரும் முஸ்லிம்களும் துறையில் 'பாதை'க்காகக் காத்து நின்றனர். பாதை அக்கரையில் நிற்பதையோ நடுவாவியில் வருவதையோ கண்ணாற் கண்டவர் பொறுமையோடு நின்றார். பாதை ஓடுமா ஓடாதா என்பதே தெரியாத நாளில்தான் துறையில் சினமும் சச்சரவும் எழுந்தன. மனிதனை வருத்துவது காலத்தின் நீளத்தைக் காட்டிலும் செய்தியின் இன்மையே.

மட்டக்களப்புக் கூத்து மரபு இவ்விடயத்தில் நமக்கு ஒரு முறைமையையே வகுத்துத் தந்திருக்கின்றது. பேராசிரியர் சி. மௌனகுரு போன்றோர் விரிவாக ஆராய்ந்து பதிவு செய்துள்ள அம்மரபில், ஒரு கூத்து திடீரென்று அரங்கேறிவிடுவதில்லை. அண்ணாவியார் முதலில் ஆட்டக்காரருக்குச் சட்டம் கொடுக்கின்றார். பின்னர் மாதக்கணக்கில் பழக்கம் நடைபெறுகின்றது. ஆட்டம் ஓரளவு கைவந்ததும் சதங்கை அணி. அதன்பின் முழுமையாக ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல். இறுதியிலேயே அரங்கேற்றம். இப்படிகள் ஒவ்வொன்றையும் ஊரார் அறிவர். சிலவற்றில் கூடியிருந்து கண்டும் குறை நிறை சொல்லியும் மகிழ்வர். சதங்கை அணி முடிந்த ஊரில், கூத்து எப்போது என்று எவரும் சினந்து கேட்பதில்லை. காலம் எடுக்கின்றது என்பது தெரியும். ஏன் எடுக்கின்றது என்பதும் தெரியும்.

பால்டர்ஸ் கேட் மூன்றாம் பாகத்தை ஆக்கிய லேரியன் நிறுவனம், தெரிந்தோ தெரியாமலோ, இம்முறையையே கைக்கொண்டது. 2020 ஒக்டோபரில், முடிவுறாத நிலையிலேயே, கதையின் முதற் பகுதியை விளையாட்டாளருக்குத் திறந்துவிட்டது. அவர்கள் ஏறக்குறைய மூன்றாண்டுகள் அதனை விளையாடிப் பிழைகளைச் சுட்டினர், நிறுவனம் திருத்தியது. இவ்வாறு பகுதியை முன்கூட்டி வாங்கியவர்கள் பணம் செலுத்தியே வாங்கினர் என்பது உண்மை. ஆனால் எதற்குப் பணம் செலுத்துகின்றோம் என்பதை அவர்கள் கண்ணாற் கண்டனர். வெளிவந்தபின் அவ்விளையாட்டு அவ்வாண்டின் மிகச் சிறந்த விளையாட்டுக்கான விருதுகளை வென்றது. நான்காம் பாகம் கேட்டு ரசிகர்கள் ஆர்ப்பரித்த வேளையில், 2024 மார்ச்சில், அதனைத் தாம் செய்யப்போவதில்லை என்று நிறுவனம் வெளிப்படையாகவே கூறிவிட்டது. ரசிகர்கள் வருந்தினர், ஆயினும் ஏமாற்றப்பட்டோம் என்று அவர்கள் சொல்வதற்கு இடமில்லை. 'இல்லை' என்ற சொல் காத்திருப்பவருக்குச் செய்யும் உதவியைப் பல வேளைகளில் 'விரைவில்' என்ற சொல் செய்வதில்லை.

இதற்கு மாறான உதாரணங்களும் உள. போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் 'சைபர்பங்க் 2077' என்னும் விளையாட்டை 2012 இல் அறிவித்தது. 2020 ஆம் ஆண்டில் மட்டும் மும்முறை திகதியைத் தள்ளிவைத்து, டிசெம்பர் 10 ஆம் திகதி வெளியிட்டது. பழைய சாதனங்களில் அது இயங்கவே தடுமாறியது. ஒரு வாரத்தினுள் சோனி நிறுவனம் அதனைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. பின்னர் பல திருத்தங்களால் அது சீர்பெற்றது என்றாலும், முன்கூட்டியே பணம் கொடுத்தவர்கள் முதலில் பெற்றது முழுமையடையாத பண்டமே.

ஜப்பானின் 'ஷென்மூ' விளையாட்டின் கதை மேலும் சிந்திக்க வைப்பது. 2001 இல் இரண்டாம் பாகத்தோடு பாதியில் நின்ற அக்கதைக்காக, 2015 இல் 69,000 இற்கும் மேற்பட்ட ரசிகர்கள் இணையத்தின் வழியாக 63 இலட்சம் டொலருக்கு மேல் தம் கையாலேயே வழங்கினர். 2019 நவம்பரில் மூன்றாம் பாகம் வந்தது. பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தவர்கள் கண்டது என்ன? அதிலும் கதை முடியவில்லை. சீதக்காதி முதலானோர் புலவரை ஆதரித்த மரபு நமக்கு உண்டு. ஆதரவாளர் பலர் கூடி ஒரு படைப்பைத் தாங்குவது நல்லதே. ஆனால் நன்கொடை வேறு, விலை வேறு. நன்கொடை கொடுப்பவர் வராமற் போவதையும் ஏற்கும் மனத்தோடு கொடுத்தல் வேண்டும். விலை கொடுப்பவர் பண்டத்தைக் கண்டபின் கொடுத்தலே முறை.

இவற்றையெல்லாம் நம் பிரதேசத்து இளைஞரோடு பொருத்திப் பார்க்கும்போது ஒன்றை மறத்தல் ஆகாது. மாங்கேணியை உள்ளடக்கிய வாகரைப் பிரதேச மக்கள் 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய கடற்கோளையும், 2006 இன் பிற்பகுதியிலும் 2007 இன் தொடக்கத்திலும் போரினால் நேர்ந்த பெரும் இடப்பெயர்வையும் கண்டவர்கள். இம்மாவட்டத்தின் தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் காலங்களில், தத்தம் இழப்புகளோடு, ஊர் திரும்பும் நாளை எதிர்நோக்கி இருந்தவர்கள். காணாமற் போனவருக்காகக் காத்திருக்கும் தாய்மார் இன்னும் நம்மிடையே உள்ளனர். அக்காத்திருப்பின் அருகில் ஒரு விளையாட்டுக்கான காத்திருப்பை வைத்தல் தகாது. ஆனால் அதன் பொருட்டு இளையவரின் சிறிய ஆசையை எள்ளி நகையாடுவதும் தகாது. பெரிய காத்திருப்புகளின் நிழலில் வளர்ந்த பிள்ளை, முடிவு நிச்சயமாக வரும் என்று நம்பத்தக்க ஒரு கதையை நாடுவதில் வியப்பில்லை. அந்நம்பிக்கையை விற்பனைப் பொருளாக்குவோரிடமிருந்து அவனைக் காப்பதே பெரியவர்களின் கடமையாகும்.

எனவே பெற்றோருக்கு நாம் கூறக்கூடியது இதுவே. பிள்ளை எதற்காகக் காத்திருக்கின்றான் என்று ஒருமுறை அமர்ந்து கேளுங்கள்; அக்கதையைச் சொல்லச் சொல்லுங்கள். கதையைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அது வெறும் பொழுதுபோக்கன்று என்பது விளங்கும். அதேவேளை, வெளிவராத பண்டத்துக்கு முன்பணம் கட்டுவதையும், வெளிவராத விளையாட்டை இப்போதே தருவதாகக் கூறும் போலி இணையத்தளங்களிலிருந்து எதையேனும் தொலைபேசியில் இறக்குவதையும் தடுத்தல் வேண்டும். பெருவிருப்புக்குரிய பெயர் ஒன்று நெடுங்காலம் வராதிருக்கும்போது, அப்பெயரைச் சொல்லி வஞ்சிப்போர் பெருகுவது இயல்பே.

இளைஞருக்கும் ஒரு சொல் உண்டு. இவ்வகைப் பெரும் விளையாட்டுகள் தமிழில் வருவது மிக அரிது. நம் மொழியில் கதை கேட்டு வளர்ந்தவர்கள் பிறர் மொழியில் பிறர் கதைக்காகக் காத்திருக்கின்றோம். இந்நிலை மாறவே மாறாது என்றும் சொல்வதற்கில்லை. கனடாவின் டொரொன்டோ நகரில் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழுவினர் 2023 இல் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். 1980களில் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் சமையலறையே அதன் களம். சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டை மீட்பதே அதில் ஆட்டம். பெரு முதலின்றி, நூறு மணித்தியால நீளமுமின்றி வந்த அச்சிறு படைப்பு உலகக் கவனத்தைப் பெற்றது. 2024 இல் பிரித்தானியாவின் பஃப்டா விருதுகளில் அறிமுக விளையாட்டுக்கான விருதையும் வென்றது. அதற்கு வேண்டியிருந்தது சொல்லத் தகுந்த கதை. அதனைச் சொல்லத் துணிந்த சிலர்.

வாவியின் இருகரையிலும் அத்தகைய கதைகளுக்குப் பஞ்சமில்லை. அண்ணாவிமாரின் ஏடுகளில் கூத்துகள் கிடக்கின்றன. மீனவரின் நினைவில் காற்றும் கடலும் பற்றிய அறிவு கிடக்கின்றது. முஸ்லிம் ஊர்களின் கிராமியக் கவிகளும் களிகம்பாட்டமும் வயது முதிர்ந்தோரோடு மறைந்துவருகின்றன. இவையும் ஒருவகையில் அடுத்த பாகத்துக்காகக் காத்திருக்கும் கதைகளே. மதர் விளையாட்டை மொழிபெயர்த்த ரசிகரும், சீறாவை நிறைவு செய்த புலவரும், பொன்னியின் செல்வனைத் தொடர்ந்த எழுத்தாளரும் முதலில் காத்திருந்தவர்களே. பின்னரே அவர்கள் எழுந்து வேலையைத் தொடங்கினர்.

படைப்போருக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் சுருக்கமானது. காலம் எடுத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. தொடங்காத வேலையைத் தொடங்கியதாகக் காட்டாதீர்கள். முடியாது என்று தெரிந்த நாளில் அதனைச் சொல்லிவிடுங்கள். 'தொடரும்' என்று எழுதியவர் காத்திருப்போரிடம் ஒரு கடன் பட்டிருக்கின்றார். அக்கடனைக் கதையால் தீர்க்க இயலாவிடின் உண்மையாலாவது தீர்த்தல் வேண்டும்.